முட்டத்தில் ஒரு பந்தயம்: வேறு எங்காவது அறிவுள்ள உயிர் இருக்கிறதா?

முட்டம்காரன் | மே 18, இரவு 9.40

விஷயம் சின்னதுதான். நேற்று சாயங்காலம் நம் குமரி மாவட்டத்து முட்டத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழியில் உள்ள சாயாக்கடையில் எனக்கும் என் மச்சானுக்கும் பந்தயம் வந்துவிட்டது. கரண்ட் இல்லை. திடீரென்று வானத்தில் முப்பது நாற்பது விளக்குகள், நூலில் கோத்த மாதிரி ஒரே வரிசையில் ஊர்ந்து போயின. கடையில் இருந்த பாதிப்பேர் போனைத் தூக்கினார்கள். மச்சான், "வந்துட்டானுவ பாத்தியா" என்றான்.

அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள், ஏவிய புதிதில் அப்படி வரிசையாகத்தான் போகும் என்று சொன்னேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "சரி, இது இல்ல. வேற எங்கயாவது இருக்கத்தானே செய்வான்?" என்றான். நான் "ஒரு இடத்திலயும் இல்ல, இருந்தா சத்தம் கேட்டிருக்குமே" என்றேன். அவன் பேசிய தோரணை பிடிக்காமல் வந்த பதில் அது. இப்போது 500 ரூபாயும் ஒரு வருஷ ரசவடையும் அதில் தொங்குகின்றன.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பேசுகிற, யோசிக்கிற, கருவி செய்கிற உயிர் வேறு எங்காவது இருப்பதற்கு நியாயமாக எத்தனை சதவீதம் போடலாம்? பத்துக்கு எட்டா? ஆயிரத்தில் ஒன்றா? 3ஐ அட்லஸ் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதை யாரும் இங்கே கொண்டுவந்து கொட்டவேண்டாம். அது வால்மீன்.

வடசேரி சந்தை | மே 18, இரவு 9.52

ஒரு வருஷ ரசவடை என்றால் நாளைக்கு எத்தனை? ஞாயிற்றுக்கிழமை உண்டா? இதை முதலில் எழுதி வாங்கும். வேற்றுக்கிரகத்தான் வந்து இறங்கினாலும் இந்த வழக்கு முடியாது.

கணக்கு சார் | மே 18, இரவு 10.30

தக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார். பந்தயம் கட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஆனால் கேள்வி பிடித்திருக்கிறது.

இதற்கு ஒரு பெருக்கல் உண்டு. 1960இல் ஃபிராங்க் டிரேக் என்கிற அமெரிக்க வானியலாளர் டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்று இரண்டு விண்மீன்களைப் பார்த்து ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பி வைத்து, யாராவது பேசுகிறார்களா என்று கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஒரு கூட்டத்துக்காக, எதெதெல்லாம் தெரிந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று பலகையில் வரிசையாக எழுதினார். அதுதான் டிரேக் சமன்பாடு. வருஷத்துக்கு எத்தனை விண்மீன் பிறக்கிறது, அதில் எத்தனைக்குக் கோள் உண்டு, கோள்களில் எத்தனை உயிருக்கு ஏற்றவை, அவற்றில் எத்தனையில் உயிர் முளைத்தது, அதில் எத்தனையில் அறிவு வந்தது, அதில் எத்தனை பேர் ரேடியோ மாதிரி ஏதாவது செய்தார்கள், செய்தவர்கள் எத்தனை காலம் தாக்குப்பிடித்தார்கள். ஏழையும் பெருக்க வேண்டியதுதான்.

முதல் மூன்று இன்று ஓரளவு கையில் இருக்கிறது. சூரியன் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலில் கண்டது 1995இல். அதற்கு 2019இல் நோபல் கொடுத்தார்கள். 2022இல் கண்டுபிடித்த கோள்களின் எண்ணிக்கை 5,000ஐத் தாண்டியது. ஆகவே வருஷத்துக்கு 2 விண்மீன், எல்லாவற்றுக்கும் கோள், ஐந்தில் ஒன்றுக்குத் தோதான கோள் என்று வைத்தால் 0.4.

இனி நம் இஷ்டம். உயிர் கட்டாயம் முளைக்கும், அறிவு கட்டாயம் வரும், பத்தில் ஒருவர் ரேடியோ செய்வார், 10,000 வருஷம் இருப்பார் என்று போடுங்கள். 400 வருகிறது. நம் விண்மீன் கூட்டமான பால்வீதியில் இந்த நிமிஷம் 400 நாகரிகங்கள். இப்போது உயிர் ஆயிரத்தில் ஒன்று, அறிவும் ஆயிரத்தில் ஒன்று என்று மட்டும் மாற்றுங்கள். 0.0004. அதாவது 2,500 பால்வீதிகளைத் தேடினால் ஒன்று.

இரண்டையும் போட்டது நானேதான், ஒரே பேனாவால். பத்து லட்சம் மடங்கு வித்தியாசம்.

முட்டம்காரன் | மே 18, இரவு 10.41

சார், 400 என்றே வைத்துக்கொண்டாலும் பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு தூரத்தில்?

கணக்கு சார் | மே 18, இரவு 10.55

பால்வீதி தட்டு மாதிரி, குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷத்தில் போகிற தூரம்தான் ஒளியாண்டு). அதில் 400 பேரைச் சமமாகப் பரப்பினால் ஒருவருக்கொருவர் 4,000 ஒளியாண்டுக்கு மேல் வரும். "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுப் பதில் வாங்க 8,000 வருஷம்.

மார்த்தாண்டம் மைக்ரோ | மே 19, காலை 7.15

நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி. சார் விட்ட இடத்திலிருந்து பிடிக்கிறேன். அந்த "நம் இஷ்டம்" இரண்டும் ஒரே மாதிரி இஷ்டம் இல்லை.

பூமிக்கு வயது 454 கோடி வருஷம். 350 கோடி வருஷத்துக்கு முன்பே நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து பாறையான தடம் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஆக, அடுப்பு ஆறியதும் ஆறாததுமாக உயிர் வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு 150 கோடி வருஷத்துக்கும் மேல் பாக்டீரியா மாதிரியான எளிய செல்கள் மட்டும்தான். நமக்கும் ரப்பர் மரத்துக்கும் காளானுக்கும் உள்ள பெரிய செல், ஒரு செல் இன்னொன்றை விழுங்கி, செரிக்காமல், உள்ளேயே குடிவைத்ததால் வந்தது. உள்ளே போனது இன்று நம் ஒவ்வொரு செல்லுக்கும் கரண்ட் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா. இந்த மைட்டோகாண்ட்ரியா கூட்டு பூமியின் மொத்த வரலாற்றிலும் ஒரே ஒரு தடவைதான் நிலைத்தது என்று நினைக்கிறோம்.

விலங்குகள் வந்து 60 கோடி வருஷம்தான். மனிதன் 3 லட்சம். ரேடியோ 130.

அதனால் நான் பந்தயம் கட்டினால் இப்படிக் கட்டுவேன். பாசி பிடித்த கோள்கள் ஏராளம். பேச ஆள் உள்ள கோள் மிக மிகக் குறைவு. அண்ணன் சொன்ன "ஒரு இடத்திலயும் இல்ல" என்பதை நம் பால்வீதிக்குள் என்று சுருக்கினால் உங்கள் பக்கம்தான் நான்.

வடசேரி சந்தை | மே 19, காலை 8.02

பாசிக்கு ரசவடை கிடையாது என்று முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளவும்.

தங்கல் வள்ளம் | மே 19, காலை 11.20

நான் தூத்தூர் பக்கம். முப்பது வருஷம் தங்கல் போனவன், ஒரு தடவை போனால் முப்பது நாற்பது நாள் கடலில். இப்போது முட்டி தேய்ந்து கரையில் கிடக்கிறேன். பேரன் இதை வாசித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன்தான் அடிக்கிறான்.

"இருந்தால் சத்தம் கேட்டிருக்குமே" என்கிறீர்கள். செட் என்று ஒன்று எங்கள் போட்டில் உண்டு, வயர்லெஸ். இருபது முப்பது கடல்மைலுக்குள் ஆள் இருந்தால் பேசலாம். அதைத் தாண்டினால் இரைச்சல். இரைச்சல் கேட்டால் கடலில் ஆளே இல்லை என்று போட்டை ஓட்டுகிற எந்தச் சிராங்கும் சொல்லமாட்டான்.

2017இல் ஒக்கி புயல். நாங்கள் மேற்கே வெகுதூரம் போயிருந்தோம். சேர்ந்து போன போட்டுகளில் இரண்டை செட்டில் பிடிக்க முடியவில்லை. நான் நான்கு நாள் அந்தக் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன், இரண்டு சேனலிலும் ஒரே இரைச்சல். கரைக்கு வந்துதான் தெரிந்தது. ஒரு போட்டு லட்சத்தீவில் ஒதுங்கியிருந்தது, எல்லாரும் சுகம், செட்தான் நனைந்துபோயிற்று. மற்றது வரவே இல்லை.

அந்த இரைச்சலில் இது இருக்கிறவன், இது போனவன் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

முட்டம்காரன் | மே 19, காலை 11.34

அண்ணாச்சி, பந்தயத்தை இங்கே கொண்டுவந்ததற்கே சங்கடமாக இருக்கிறது.

தங்கல் வள்ளம் | மே 19, காலை 11.50

அதெல்லாம் வேண்டாம் மக்கா. பேசு. பேரனுக்குப் பரீட்சை முடிஞ்சாச்சு, சும்மாதான் இருக்கிறான்.

கணக்கு சார் | மே 19, மதியம் 2.10

அண்ணாச்சி சொன்னதில் இரண்டு பெரிய விஷயம் இருக்கிறது. ஒன்று, எவ்வளவு தூரம் கேட்டிருக்கிறோம் என்பது. ஜில் டார்ட்டர் என்கிற வானியலாளர் சொல்லும் உவமை இது. கடலில் ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு பார்த்து, மீன் இல்லை, ஆகவே கடலில் மீனே இல்லை என்று சொல்வது மாதிரி நம் தேடல். 2018இல் மூன்று பேர் அதைத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். குவளை இல்லை, 7,700 லிட்டர் என்று வந்தது. நம் ஊர் தண்ணீர் லாரி ஒன்றுகூட நிறையாது. அதை வைத்துக்கொண்டுதான் உலகக் கடல் மொத்தத்துக்கும் தீர்ப்புச் சொல்கிறோம்.

இரண்டாவது, ஏழாவது எண். எத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறார்கள். இருந்தார்கள், நாம் செட்டைப் போடும் முன்பே போய்விட்டார்கள் என்றும் ஆகலாம். பால்வீதியின் வயது ஆயிரம் கோடி வருஷத்துக்கு மேல். அதில் நாம் காது வைத்திருப்பது அறுபத்தைந்து வருஷம்.

1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோவில் ஒரு தொலைநோக்கியில் 72 விநாடி பலமாக ஒரு சமிக்ஞை வந்தது. தாளில் அச்சான எண்களைப் பார்த்தவர் ஓரத்தில் சிவப்பு மையால் "வாவ்" என்று எழுதினார். அதே திசையில் பலமுறை கேட்டும் திரும்ப வரவில்லை. என்னவென்று இன்றும் முடிவாகவில்லை. பந்தயத்துக்கு இது சாட்சியாகச் செல்லாது, ஒரு தடவை மட்டும் கேட்டதை யாரும் கோர்ட்டில் ஏற்கமாட்டார்கள்.

கருமணல் | மே 19, இரவு 8.45

மணவாளக்குறிச்சி. புவியியல் படித்துவிட்டு வெளியூரில் வேலை. எல்லாரும் வானத்தையே பார்க்கிறீர்கள், கொஞ்சம் காலடியிலும் பாருங்கள்.

சின்ன வயதில் மழைக்குப் பிறகு கடற்கரைக்குப் போனால் அலை பின்வாங்கிய இடத்தில் கறுப்பு, சிவப்பு, வெளிர்மஞ்சள் என்று மணல் தானாகவே பட்டை பட்டையாகப் பிரிந்து கிடக்கும். கறுப்பு இல்மனைட். சிவப்பு கார்னெட், அம்மா அதைத்தான் வாசலுக்கு அள்ளி வருவாள். வெளிர்மஞ்சள் மோனசைட், அதில்தான் தோரியம். இடையில் சிர்கான்.

இந்தத் தோரியம் பூமியில் உண்டானது இல்லை. இத்தனை கனமான தனிமங்கள் நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது போன்ற பயங்கரங்களில் உண்டாகின்றன. 2017 ஆகஸ்டில் அப்படி ஒரு மோதலை ஈர்ப்பலையிலும் ஒளியிலும் சேர்த்தே பிடித்தார்கள். தோரியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், சுமார் 1,400 கோடி வருஷம், பிரபஞ்சத்தின் வயதைவிடக் கொஞ்சம் கூடுதல். பூமிக்குள் தோரியமும் யுரேனியமும் பொட்டாசியமும் சிதைந்து சிதைந்துதான் உள்வெப்பத்தில் ஏறக்குறைய பாதி வருகிறது. அந்த வெப்பம் கண்டங்களை நகர்த்துகிறது. கண்டம் நகர்வதால் மழை கரைத்துக் கடலில் சேர்த்த கரியமில வாயு எரிமலை வழியாகத் திரும்பி வருகிறது. இந்தச் சுற்று ஓடுவதால்தான் பூமி பல நூறு கோடி வருஷமாகப் பெரும்பாலும் உறைந்தும் போகாமல் வெந்தும் போகாமல் இருக்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளியில் கண்டங்கள் இப்படி நகரவில்லை. அங்கே ஈயம் உருகும் சூடு.

ஆகவே சார் போட்ட "ஐந்தில் ஒன்று தோதான கோள்" எனக்குத் தாராளமாகத் தெரிகிறது. சரியான தூரம் மட்டும் போதாது. உள்ளே சரியான அளவு அடுப்பும் வேண்டும்.

மார்த்தாண்டம் தங்கைக்கு ஒரு கூடுதல் தகவல். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் மணிகளில் சில 440 கோடி வருஷப் பழசு. அவற்றில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்து அப்போதே நீர் இருந்தது என்கிறார்கள். நம் கரையில் காலில் ஒட்டுகிற அதே சிர்கான்தான், வயதுதான் வேறு. நம் மாவட்டத்துப் பாறைகள் பூமிக்கடியில் வெந்து இன்றைய உருவத்துக்கு வந்தது சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன், ஏறக்குறைய விலங்குகள் கடலில் பெருகத் தொடங்கிய அதே காலம்.

மார்த்தாண்டம் மைக்ரோ | மே 19, இரவு 9.05

அக்கா, 440 கோடியில் நீர், 350 கோடியில் உயிர். நடுவில் 90 கோடி. நான் சொன்ன "ஆறியதும் ஆறாததுமாக" கொஞ்சம் மிகைதான். ஒத்துக்கொள்கிறேன்.

முட்டம்காரன் | மே 20, காலை 6.20

பூமியில் அறிவு மனிதனுக்கு மட்டும்தான் வந்தது என்கிற மாதிரி பேசுகிறோம், அதில் எனக்குச் சந்தேகம். மீன் ஏலத்தில் நிற்கிறவன் நான். பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷம் முன்பு நடந்தது. ராத்திரி ஒன்று உயிரோடு வந்தது, ஒன்றரைக் கிலோ இருக்கும். காலையில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று கடல்தண்ணீர் விட்ட டப்பாவில் போட்டு, மூடி, மேலே செங்கல் வைத்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே கட்டிலில் படுத்தேன். ஒரு மணி இருக்கும், செங்கல் உரசுகிற சத்தம். டார்ச் அடித்தால் ஒரு கை மட்டும் வெளியே வந்து செங்கல்லின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது, விலை பார்க்கிறவன் துணியைத் தடவுகிற மாதிரி. வெளிச்சம் பட்டதும் உள்ளே போய்விட்டது. இன்னொரு செங்கல் வைத்தேன். காலையில் இரண்டு செங்கல்லும் அப்படியே இருக்கின்றன, மூடியும் இருக்கிறது, டப்பா காலி. மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. ஈரத்தடம் ஓடை வரைக்கும் போயிருந்தது. ஓடை கடலுக்குப் போகிறது.

மாற்று வழி யோசித்த உயிர் அது. நமக்கும் அதற்கும் என்ன உறவு?

மார்த்தாண்டம் மைக்ரோ | மே 20, காலை 7.40

அருமையான சாட்சி அண்ணா. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை 50 கோடி வருஷத்துக்கும் முந்தைய ஒரு புழு மாதிரியான பிராணி, மூளை என்று சொல்லும்படி அதற்கு ஒன்றும் இல்லை. நம் மூளையும் கணவாயின் மூளையும் தனித்தனியே வளர்ந்தவை. பேய்க்கணவாய்க்கு நரம்புச் செல்கள் சுமார் 50 கோடி, அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில். நீங்கள் பார்த்த கை பாதி சுயமாகவே யோசித்திருக்கும். அலகைத் தவிர உடம்பில் கெட்டியான பாகம் கிடையாது, அலகு நுழைகிற சந்தில் முழு உடம்பும் நுழையும்.

ஆனால் பாருங்கள், அது அதிகம் போனால் சில வருஷம்தான் வாழும், பல இனங்களுக்கு ஒன்றிரண்டு. தாய் முட்டையைக் காத்துப் பட்டினி கிடந்து, குஞ்சு வரும் நேரத்தில் செத்துப்போகும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒவ்வொன்றும் செங்கல்லை முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீருக்குள் தீயும் மூட்ட முடியாது.

கணக்கு சார் | மே 20, காலை 9.00

அப்படியானால் ஐந்தாவது எண் கூடும், ஆறாவது எண் குறையும். பெருக்கினால் பழைய இடத்துக்கே வருகிறோம். இதனால்தான் இந்தச் சமன்பாட்டோடு எனக்கு ஐம்பது வருஷமாகச் சண்டை.

சரி, முட்டம்காரர் சதவீதம் கேட்டார். கையில் இருப்பதைக் கொடுக்கிறேன். 2018இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சாண்ட்பெர்க், டிரெக்ஸ்லர், ஆர்ட் என்ற மூவர், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒற்றை மதிப்பு போடாமல், நம் அறியாமை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலமான வீச்சையே போட்டுக் கணக்கிட்டார்கள். பால்வீதியில் நாம் மட்டும்தான் என்பதற்கு 53 முதல் 99.6 சதவீதம். கண்ணுக்கெட்டும் பிரபஞ்சம் முழுவதிலும் நாம் மட்டும்தான் என்பதற்கு 39 முதல் 85.

வடசேரி சந்தை | மே 20, காலை 9.04

39 முதல் 85! எங்கள் சந்தையில் தக்காளி விலை இதைவிட நிதானம்.

கருமணல் | மே 20, மதியம் 1.15

கே2-18பி என்கிற கோளைப் பற்றி யாரும் பேசவில்லையே. 124 ஒளியாண்டு தூரம், பூமியைவிட எட்டு மடங்குக்கு மேல் எடை. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் இருக்கும் நிக்கு மதுசூதனின் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் அதன் காற்றைப் பார்த்து டைமெதில் சல்ஃபைடு இருக்கலாம் என்றது. கடல் வாசம் என்று நாம் சொல்கிறோமே, அதில் ஒரு பங்கு இந்த வாயுதான். பூமியில் பெரும்பாலும் கடல் மிதவை உயிர்களால் வருவது.

நான் அன்றைக்கு ஆபீசிலேயே துள்ளினேன். அப்புறம் மற்றக் குழுக்கள் அதே தரவை வேறு விதமாகக் கணக்கிட்டு, அப்படி ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை என்றன. அதற்கு முந்தைய வருஷமே 67பி என்கிற வால்மீனில் அதே வாயு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வால்மீனில் மிதவை உயிர் ஏது? உயிர் இல்லாமலும் அது உண்டாகும்போல. வாசம் வந்ததால் மட்டும் கடல் இருக்கிறது என்று நம்ப முடியாது, கருவாட்டுக் கடையாகவும் இருக்கலாம்.

வடசேரி சந்தை | மே 20, மதியம் 2.30

எனக்கு ஒரு மனக்குறை. வாயேஜர் விண்கலத்தில் தங்கத்தட்டு வைத்து அனுப்பினார்களே 1977இல், அதில் 55 மொழிகளில் வணக்கம் உண்டு. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, மராத்தி, ஒடியா, பஞ்சாபி, ராஜஸ்தானிகூட இருக்கிறது. தமிழ் இல்லை. மலையாளமும் இல்லை. நம் மாவட்டமே இல்லை என்று அர்த்தம்.

நெறியாளர் | மே 20, மதியம் 3.00

மொழிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இதற்குப் பின் வந்த பதினோரு பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன். (தமிழ் இல்லாதது எனக்கும் வருத்தம்தான்.)

தங்கல் வள்ளம் | மே 20, இரவு 7.30

எல்லாவற்றையும் பேரன் வாசித்தான். சார் சொன்ன சதவீதம் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஏன் பிடிபடவில்லை என்று இப்போது தெரிகிறது.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா ராஜாக்கமங்கலம் துறை. கட்டுமரம். கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உண்டு, பார் என்போம், மீன் அங்கேதான் நிற்கும். மேலே இருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீர். அப்போது ஜிபிஎஸ் ஏது? கணியம் பார்ப்பார். வடக்கே தாடகை மலையின் உச்சி, கரையில் உள்ள கோவில் கோபுரத்துக்கு நேர் பின்னால் வரவேண்டும். அது ஒரு கோடு. பார் அந்தக் கோட்டில் எங்கேயோ இருக்கிறது. அரை மைலா, ஐந்து மைலா, தெரியாது. அப்புறம் கிழக்கே திரும்பி, மருந்துவாழ்மலை ஒரு குறிப்பிட்ட ஒற்றைப் பனைக்கு நேராக வரும்வரை துடுப்புப் போடுவார். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலைப் போட்டால் பார்.

நீங்கள் இரண்டு நாளாக ஒரே கோட்டை வைத்துக்கொண்டு அரை மைல், ஐந்து மைல் என்று சண்டை போடுகிறீர்கள். பூமி ஒன்றுதானே நமக்குத் தெரிந்தது? இரண்டாவது கோடு எங்கே?

கணக்கு சார் | மே 20, இரவு 7.52

நாற்பது வருஷம் புள்ளியியல் நடத்தினேன். "ஒற்றை மாதிரியை மட்டும் வைத்து முடிவு சொல்லாதே" என்பதை இத்தனை நன்றாக ஒரு தடவையும் சொன்னதில்லை.

மார்த்தாண்டம் மைக்ரோ | மே 20, இரவு 8.20

தாத்தா, இரண்டாவது கோட்டுக்குத்தான் கப்பல்கள் போய்க்கொண்டிருக்கின்றன. வியாழனின் நிலவு யூரோப்பாவில் பனிக்கடியில் கடல் இருப்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் அங்கே சேரும். ஐரோப்பியர்களின் ஜூஸ் விண்கலம் 2031இல் வியாழனை அடையும். சனியின் நிலவு என்செலாடஸ் தன் கடல்நீரை விரிசல் வழியாகத் தானே பீய்ச்சி அடிக்கிறது. அந்தத் துளிகளில் பாஸ்பேட்கூட இருப்பதை 2023இல் சொன்னார்கள். செவ்வாயில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2024இல் புள்ளிபுள்ளியாக ஒரு பாறையைக் கண்டு துளைத்து மாதிரி எடுத்துவைத்திருக்கிறது. பூமியில் என்றால் அந்தப் புள்ளிகளை நுண்ணுயிர் வேலை என்று சந்தேகிப்போம். அதைக் கையில் வாங்கிப் பார்க்கும்வரை சந்தேகம் மட்டும்தான்.

இதில் ஏதாவது ஓரிடத்தில், நம்மோடு சம்பந்தமே இல்லாமல் தனியாக முளைத்த ஒரு பாசி கிடைத்தால் போதும். ஒரே சூரியனுக்குக் கீழே இரண்டு தடவை உயிர் வந்தது என்றால் பால்வீதி முழுக்க நிறைந்திருக்கும். சார் போட்ட நான்காவது எண் முடிந்தது.

கருமணல் | மே 20, இரவு 8.40

"தனியாக முளைத்த" என்பது முக்கியம். செவ்வாய்க் கல் பூமியில் விழுந்திருக்கிறது, பூமிக் கல்லும் அங்கே போயிருக்கலாம். அங்கே கிடைப்பது நம் சொந்தக்காரனாக இருந்தால் அதே பழைய கோடுதான். அந்த விஷயத்தில் யூரோப்பா மேல்.

முட்டம்காரன் | மே 21, காலை 10.10

மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். பந்தயத்தைத் திருத்தி எழுதியிருக்கிறோம். அறிவுள்ள உயிர் என்பதை எங்கள் ஆயுளில் தீர்க்க முடியாது, அது ஒத்திவைப்பு. புதுப் பந்தயம் 2035 டிசம்பர் வரை. பூமிக்கு வெளியே, பூமியோடு உறவில்லாத ஒரு நுண்ணுயிர் உறுதியானால் மச்சானுக்கு, இல்லாவிட்டால் எனக்கு. சாட்சி சாயாக்கடைக்காரர். ஞாயிறு ரசவடை கிடையாது.

இன்னொன்று. பக்கத்து விண்மீனை நம் ஊரிலிருந்தே பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?

கணக்கு சார் | மே 21, காலை 10.45

உண்மை. ஆல்ஃபா சென்டாரி. டெல்லிக்காரர்களுக்குத் தொடுவானத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும், நமக்கு நன்றாக எழும். இந்த வாரம் ராத்திரி 11 மணி வாக்கில் நேர் தெற்கே, கடலுக்கு மேல். கையை நீட்டி முஷ்டியை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடவை அடுக்குங்கள், அந்த உயரம். வலப்பக்கம் அதே மாதிரி பிரகாசமாக இன்னொன்று. இரண்டையும் சேர்த்து வலப்பக்கமாகக் கோடு இழுத்தால் தென்சிலுவை. நமக்கு மிக அருகில் உள்ள பிராக்சிமா அந்தக் குடும்பம்தான், 4.24 ஒளியாண்டு. அதற்கு ஒரு கோள் இருப்பதை 2016இல் கண்டார்கள். பிராக்சிமா வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சீக்கிரம் பாருங்கள், ஜூன் பிறந்தால் மேகம் விடாது.

தங்கல் வள்ளம் | மே 21, காலை 11.05

தென்சிலுவையை நாங்கள் குருசு வெள்ளி என்போம், அதற்கு இடப்பக்கம் இரண்டு நிற்குமே, அதா? அதைப் பார்த்துத்தான் ராத்திரி தெற்கு பிடிப்போம். அதற்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறானா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

முட்டம்காரன் | மே 22, அதிகாலை 12.30

போனோம். நான், மச்சான், சாயாக்கடைக்காரர். முட்டம் பாறைமேல் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம், தெற்கே ஒரே மேகம். 11.20க்கு ஒரு பத்து நிமிஷம் விலகியது. சார் சொன்ன உயரத்தில் இரண்டும் நின்றன. மச்சான் போன் டார்ச்சைப் போட்டு அதைப் பார்த்து மூன்று தடவை அணைத்து அணைத்துக் காட்டினான். இந்த வெளிச்சம் அங்கே போக நாலு வருஷம் நாலு மாசம் ஆகும் என்றேன். "திரும்பி வரவும் அவ்வளவா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்சநேரம் விரல்விட்டு எண்ணிப்பார்த்துவிட்டு, "அப்போ பந்தயத்துக்குள்ள பதில் வந்துரும்" என்று இன்னொரு தடவை அடித்தான்.